நீளச் சொல்லைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்: ஜெர்மன் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று பல ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித்தருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு வகுப்பில் ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து பி2 என்ற மேல்நடு நிலை வரை படித்துவிட்டு வந்தவள். இப்போது ஜெர்மனியின் வடக்கே, ஷ்வெரின் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் முதல் வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்த கையோடு, ஆசிரியர் பலகையின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சொல்லை எழுதினார். ரிண்ட்ஃப்ளைஷ்எடிக்கெட்டீருங்ஸ்யூபர்வாஹுங்ஸ்அவுஃப்காபன்யூபர்ட்ராகுங்ஸ்கெஸெட்ஸ். 63 எழுத்து. நடுவில் எங்கேயும் இடம் விடவில்லை. “இதுதான் ஜெர்மன், பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். வகுப்பே சிரித்தது, நானும்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திப் பேனாவை மூடினாள். இரவு டியூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிற பெண் அவள். அடுத்த வாரம் வரவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேனாவை மூடிய அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தச் சொல்லின் கதை எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அது நான் வேலை பார்க்கும் இதே மெக்லன்பூர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலத்தின் சட்டம். ஏரியின் நடுவே தீவில் நிற்கும் ஷ்வெரின் கோட்டையில்தான் மாநிலச் சட்டமன்றம் கூடுகிறது. மாடுகளைத் தாக்கும் பிஎஸ்இ நோயால் ஐரோப்பா முழுக்கப் பீதி இருந்த காலத்தில், 1999-இல், அங்கே அதை இயற்றினார்கள். கடையில் விற்கும் மாட்டிறைச்சியின் லேபிளைச் சரிபார்க்கும் வேலையை எந்த அலுவலகத்திடம் கொடுப்பது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். ஆரோக்கியமான மாடுகளுக்கு பிஎஸ்இ பரிசோதனை தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் தளர்த்தியதும், 2013-இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அதாவது, உயிரோடு இல்லாத ஒரு சட்டத்தின் பெயரைக் காட்டித்தான் இன்றைக்கும் புது மாணவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம். மக்கள் உண்மையில் புழங்கும் சொற்களுக்கு மட்டும் இடம் தரும் டூடன் அகராதியில் அது ஏறவே இல்லை.

சரி, அதே சொல்லை இப்போது வெட்டிப் பார்ப்போம். ரிண்ட்ஃப்ளைஷ் என்றால் மாட்டிறைச்சி. எடிக்கெட்டீருங் லேபிள் ஒட்டுவது. யூபர்வாஹுங் கண்காணிப்பு. அவுஃப்காபன் பணிகள். யூபர்ட்ராகுங் ஒப்படைப்பு. கெஸெட்ஸ் சட்டம். இதை எந்தத் துண்டையும் இடம் மாற்றாமல் தமிழில் சொல்லுங்கள்: மாட்டிறைச்சி லேபிள் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம். நம் ஊர் அரசாணையில் இப்படி ஒரு தலைப்பு இருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்போமா? 2003 முதல் 2007 வரை நடப்பில் இருந்த 67 எழுத்து ஆணை ஒன்றும் இருக்கிறது. அதையும் இப்படியே வெட்டலாம்: மனைப் பரிவர்த்தனை அனுமதி அதிகார ஒப்படைப்பு ஆணை. அதே வரிசை, அச்சுப் பிசகாமல்.

இதுதான் நான் சொல்ல வந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் ஏற்கெனவே பாதி தெரியும். நாம்தான் அவற்றை ஆங்கிலத்தின் வழியாகக் கொண்டுபோய்த் தெரியாததாக்குகிறோம். சின்னக் கூட்டுச்சொல்லை ஆங்கிலமும் அதே வரிசையில்தான் வைக்கும். ஆனால் சொல் நீண்டுவிட்டால் ஆங்கிலம் வாலைப் பிடித்து இழுத்து முன்னால் வைத்துவிடும்: ‘சட்டம், ஒப்படைப்பது பற்றி, பணியை, கண்காணிக்கும்...’ என்று பின்னாலிருந்து முன்னால் போகும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-இல் ஜெர்மனைக் கேலி செய்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் ஆங்கிலம் பேசுகிறவரின் திகைப்பிலிருந்து வந்ததுதான். அந்தத் திகைப்பு அவருக்கு நியாயம். தமிழ் வாயோடு பிறந்த பிள்ளைக்கு அதை நாம் ஏன் இரவல் வாங்கித் தரவேண்டும்?

ஆகவே முதல் நாள் பலகையில் அந்த 63 எழுத்துச் சட்டத்துக்குப் பதிலாக ஹவுஸ்ட்யூர்ஷ்லுஸல் என்று எழுதுங்கள். ஹவுஸ் வீடு, ட்யூர் கதவு, ஷ்லுஸல் சாவி. வீட்டுக் கதவுச் சாவி. கடைசியில் இருப்பதுதான் பொருள், முன்னால் வருவதெல்லாம் அது எந்தச் சாவி என்று சொல்ல வந்தவை. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் டெர், டீ, டாஸ் என்ற தலைவலிக்கும் இதிலேயே விடை இருக்கிறது: வீடு டாஸ், கதவு டீ, ஆனால் கடைசியில் நிற்கும் சாவி டெர் என்பதால் முழுச்சொல்லும் டெர். எவ்வளவு நீளமான சொல்லாக இருந்தாலும் கடைசித் துண்டின் பால் தெரிந்தால் போதும். இதை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எத்தனை இரவு மிச்சமாகியிருக்கும்!

அப்புறம் அந்த நடுவில் வருகிற ‘ஸ்’. ஆர்பைட் என்றால் வேலை, ப்ளாட்ஸ் என்றால் இடம். சேர்த்தால் ஆர்பைட்ஸ்ப்ளாட்ஸ். அந்த ‘ஸ்’ எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். “விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்” என்று பதில் வந்தது. புளியும் கொட்டையும் சேர்ந்தால் நாம் புளிகொட்டை என்றா சொல்கிறோம்? புளியங்கொட்டை என்கிறோம். நடுவில் வந்த ‘அம்’ சாரியை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அதற்குத் தனிப் பொருள் கிடையாது, இரண்டு சொல்லையும் பொருத்துவதற்கு வருகிறது. ஜெர்மானியரின் ‘ஸ்’ செய்வதும் அதே வேலைதான். சாரியை என்று ஒரு வார்த்தை சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

என் வேலையில் இது எவ்வளவு உதவும் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் படிப்பவர்களில் நிறையப் பேர் செவிலியர்கள். நாம் உடலுறுப்புகளை ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள். அந்தப் பெயர்களோ லத்தீனும் கிரேக்கமும். இங்கே படுக்கையில் இருக்கும் முதியவர் தன் கணையத்தை பாவ்ஹ்ஷ்பைஷல்ட்ரூஸெ என்பார். கேட்டால் பதறும். வெட்டினால் வயிறு, எச்சில், சுரப்பி: வயிற்று எச்சில் சுரப்பி. சிறுகுடலின் தொடக்கம் ட்ஸ்வோல்ஃப்ஃபிங்கர்டார்ம், பன்னிரண்டு விரல் குடல், ஏறக்குறைய பன்னிரண்டு விரல் அகலம் நீளம் என்பதால். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ப்ளூட்ட்ருக்மெஸ்கெரேட்: ரத்தம், அழுத்தம், அளவு, கருவி. உடம்பு சரியில்லாதபோது டாக்டர் தரும் சான்றுக்கு 32 எழுத்தில் ஆர்பைட்ஸ்உன்ஃபேஹிஷ்கைட்ஸ்பெஷைனிகுங் என்று பெயர், வேலை இயலாமைச் சான்றிதழ். அதை வார்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை, ‘ஆ ஊ’ என்று முதலெழுத்துகளோடு முடித்துக்கொள்கிறோம். ஜெர்மானியருக்கும் நீளச் சொல் நாக்குக்குச் சுமைதான். அதனால்தான் மாணவர்களுக்கான 1971-ஆம் ஆண்டின் கல்வி உதவிச் சட்டத்தின் சுருக்கப் பெயரை, சட்டம் என்பதையே மறந்து, ‘பாஃபொக்’ வந்ததா என்று பணத்துக்கே பெயராக்கிவிட்டார்கள்.

சிரிப்புக்கு வருகிறேன். நீளச் சொற்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானியர்களே இவற்றை பாண்ட்வுர்ம்வோர்ட், நாடாப்புழுச்சொல், என்று கூப்பிட்டுச் சிரிக்கிறவர்கள். சொல்லின் நீளத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது சுலபம், ஆனால் அது ஒரு தடவைதான் பலிக்கும். உள்ளே இருக்கிற சிரிப்பை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

ஓலீஃபன்யோல் ஆலிவிலிருந்து எடுக்கும் எண்ணெய். அப்படியானால் பேபியோல்? இது இங்கே சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கும் கேள்வி. நமக்கும் தேங்காயெண்ணெய் தேங்காயில் எடுப்பது, விளக்கெண்ணெய் விளக்கில் எடுப்பதில்லை. மருந்துக் கடையில் ஹூஸ்டன்ஸாஃப்ட் கேட்டால் இருமல் மருந்து தருவார்கள், ஆப்ஃபல்ஸாஃப்ட் என்றால் ஆப்பிள் சாறு. எந்த உறவு மறைந்திருக்கிறது என்று சொல்லில் எழுதியிருக்காது, உலகம் தெரிந்தவருக்குத்தான் புரியும். நாம் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று ஒன்பதாம் வகுப்பில் உருப்போட்டது இதைத்தான்.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி இருந்தார். ஜன்னலோரம் சிவப்பு ஜெரேனியச் செடிகள் வைத்திருப்பார். நான் சேர்ந்த இரண்டாவது வாரம், குறுக்கெழுத்துப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்து, அதில் ஒரு சொல்லை எழுதி என்னிடம் நீட்டி, சத்தமாக வாசி என்றார். ப்ளூமன்டோப்ஃபேர்டெ. நான் ‘ப்ளூமன்டோ’ என்று நிறுத்தி, ‘ப்ஃபேர்டெ’ என்று முடித்தேன். ப்ஃபேர்டெ என்றால் குதிரைகள், அந்தச் சொல் எனக்குத் தெரியும். ப்ளூமன்டோ எந்த ஊர்க் குதிரை என்றுதான் யோசித்தேன். பாட்டி இரண்டு கையாலும் போர்வையைத் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுங்கும் நகத்தால் காகிதத்தில் இரண்டு கோடு இழுத்தார்: ப்ளூமன், டோப்ஃப், ஏர்டெ. பூ, தொட்டி, மண். பூந்தொட்டி மண். பிறகு ஜெரேனியத் தொட்டியைக் காட்டினார். மண் குறைந்திருந்தது, அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக ஜெர்மன் மொழியிலேயே சிரித்தேன். மறுநாள் மண் வாங்கிக்கொண்டு போனேன்.

அதன்பிறகு பாட்டி தினம் ஒன்று எழுதித் தந்தார். ஷ்டாவ்பெக்கன் என்று பிரித்தால் நீர்த்தேக்கம், ஷ்டாவ்ப்எக்கன் என்று பிரித்தால் தூசி படிந்த மூலைகள், எழுத்து ஒன்றுதான். ஊர்இன்ஸெக்ட் ஆதிகாலப் பூச்சி, அதையே ஊரீன்ஸெக்ட் என்று வாசித்தால் சிறுநீரில் செய்த நுரைமது. செவிலியர் அறையில் இதற்கு எப்படிச் சிரித்திருப்போம் என்று உங்களுக்கே தெரியும். பலகை என்பதைப் பலகை என்றும் பல கை என்றும் பிரித்து ரசிக்கும் பிரிமொழிச் சிலேடை நம் வீட்டுச் சொத்து. இந்த விளையாட்டை முதல் மாதத்திலேயே வகுப்பில் ஆடுங்கள். எங்கே வெட்டுவது என்று தேடத் தொடங்கியவள் பேனாவை மூடமாட்டாள்.

வெட்டத் தெரியாத தொடக்க நாட்களுக்கு இங்கேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ‘லைஷ்டெ ஷ்ப்ராஹெ’ என்ற எளிய ஜெர்மன் எழுதும் முறை உண்டு. அதில் நீளச் சொல்லின் இணைப்பில் ஒரு சிறு கோடோ நடுப்புள்ளியோ வைப்பார்கள்: ப்ளூட்·ட்ருக்·மெஸ்·கெரேட். பலகையில் அந்தப் புள்ளியோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புள்ளியை அழித்துவிடலாம்.

கடைசியாக, மாணவர்களைத் தாங்களே சொல் கட்டச் சொல்லுங்கள். டான்யூபில் நீராவிக் கப்பல் விட 1829-இல் தொடங்கிய வியன்னா நிறுவனத்தின் பெயரை இங்கே பிள்ளைகள் கூடி நீட்டிக்கொண்டே போவார்கள்: டோனவ்டாம்ப்ஃப்ஷிஃப்ஃபார்ட்ஸ்கெஸெல்ஷாஃப்ட், அதன் கேப்டன், கேப்டனின் தொப்பி, தொப்பியின் பொத்தான். பெரியவர்களும் விடுவதில்லை. எங்கள் ஓய்வறை ஃப்ரிட்ஜில் யாரோ ஒருவருடைய தயிர் டப்பா அடிக்கடி காணாமல் போனது. ஒருநாள் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: யோகுர்ட்டீப்ஷ்டால்யூபர்வாஹுங்ஸ்பெஆவுஃப்ட்ராக்டர் நியமிக்கப்பட்டிருக்கிறார். தயிர்த் திருட்டுக் கண்காணிப்பு அலுவலர்! ஒரு டப்பா தயிருக்கு அரசாங்கக் குரல் கொடுத்ததுதான் அங்கே வேடிக்கை. அதற்குள் உட்கார்ந்திருந்த யூபர்வாஹுங்ஸை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன், முதல் வகுப்புப் பலகையில் பார்த்த அதே துண்டு.

நானும் ஒன்று கட்டினேன். ஊரிலிருந்து வரவேண்டிய பொட்டலம் தாமதமானபோது, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று உடன் வேலை செய்கிறவர் கேட்டார். எனக்கு ஒரு ஸாம்பார்புல்வர்நாஹ்ஷூப்ப்ரோப்ளேம் என்றேன். சாம்பார்ப்பொடி வரத்துப் பிரச்சினை. அவர் ஒரு கணம் நின்று, வெட்டிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். இப்போது பொட்டலம் வந்ததும் வார்டு முழுக்கக் கேட்கிறார்கள், பிரச்சினை தீர்ந்ததா என்று, அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லியே.

அன்புடன்,
ஷ்வெரினிலிருந்து உங்கள் பழைய மாணவி ஒருத்தி