எண்ணெய் தேய்க்கும் வேலை யாருடையது?

குடியாத்தம்,
வைகாசிக் கடைசி.

அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய அவா. சித்திரையில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான், போனில் சொல்ல வாய்க்காததை எழுத நேரம் கிடைத்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பச்சை உடம்புக்காரி என்று படுக்க வைத்துவிட்டு, எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, தூளி ஆட்டுவது அனைத்தையும் பாட்டிமார் எடுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். பசித்தால் மட்டுமே குழந்தை தாயிடம் போகும். என் மகளும் பால் கொடுத்து முடித்ததும், இரவல் பாத்திரத்தைத் திருப்பித் தருவதைப் போல அவனை என்னிடம் நீட்டிவிடுவாள். அன்புக்குக் குறைவில்லை; தொட்டுப் பழகத்தான் அவளுக்கு வாய்ப்பே அமையவில்லை.

ஆகவே, குளியலுக்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை அவளிடமே விட்டேன். முதலில் விரல் நுனியால் பயந்து பயந்து தடவினாள். அவனோ கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். உள்ளங்கை முழுவதும் படும்படி, பாதத்திலிருந்து தொடை வரை அழுத்தாமல் நிதானமாகத் தேய்த்தபோது கால்கள் தாமாகவே தளர்ந்தன. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், குனிந்து முகம் காட்டிப் பேசச் சொன்னேன். என்ன பேசுவதென்று வெட்கப்பட்டவள் அன்றைய காய்கறி விலையைச் சொல்லத் தொடங்கினாள். அவன் உதைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அல்லவா! பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், தாயின் குரலைக் கேட்பதற்காகவே ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1980இல் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இதற்கும் அளவு உண்டு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விரல்களை விரித்து முதுகை வளைத்தாலோ நிறுத்திவிட வேண்டும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடச் சொன்ன என் மாமியாரின் பேச்சுக்கு மட்டும் நான் இணங்கவில்லை.

இப்படித் தேய்த்தால் எடை ஏறுமா என்று நீ கேட்பாய். குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், 10 நாள் தடவிக்கொடுத்ததில், அப்படித் தடவாத குறைமாதக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது என்று டிஃபனி ஃபீல்டு என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 1986இல் எழுதினார்கள். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அதே கணக்கைப் போடக்கூடாது. அவனுக்கு எடை ஏறுவது பாலால்தான். நான் கண்ட பலன் வேறு. பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று இப்போது அவளே பிரித்துச் சொல்கிறாள். நேற்று நான் தூக்கும்போது, “தலையைத் தாங்கிப் பிடிம்மா” என்று எனக்கே பாடம் எடுத்தாள்!

உன் மகளுக்கு ஆவணியில் பேறுகாலம் என்று எழுதியிருந்தாய். வளைகாப்புக்கு ஆற்காடு வருகிறேன். குளிப்பாட்ட ஆயா வைப்பதானால், தண்ணீர் ஊற்றுவது மட்டுமே அவர் வேலை, எண்ணெய் தேய்ப்பது உன் மகள் என்று முன்கூட்டியே பேசிவிடு. அதற்காகக் கூலியைக் குறைத்துவிடாதே, பாவம், மனம் வருந்துவார்.

இப்படிக்கு,
உன் பழைய தோழி