அந்த ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள்: வேலூர் வட்டார ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்களுக்கும், அங்கே மிக்ஸிங்கில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்று பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதற்கு முன், அதில் கிடக்கும் ராக் குழுக்களின் டெமோக்களையும் (முன்னோட்டப் பதிவுகள்) வெளிவராத டேக்குகளையும் (ஒரு பாட்டை ஒவ்வொரு முறை வாசித்தபோதும் எடுத்த பதிவுகள்) தனியே எடுத்து வையுங்கள். வாசித்தவர்களில் யாராவது ஒருவருக்குப் போன் போடுங்கள். அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை பொறுத்திருங்கள்.

உங்கள் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆடி வந்தால் அம்மன் பாட்டு, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டு, கிறிஸ்துமஸ் நெருங்கினால் சபைகளின் ஆல்பம், தேர்தல் வந்தால் இரவு பகல் பார்க்காமல் பிரச்சாரப் பாட்டு. கரண்ட் பில்லும் வாடகையும் இவற்றில்தான் கட்டப்படுகின்றன. நடுவில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் கிட்டாரும் கையுமாக வந்து, பாதி விலைக்கு ராத்திரி நேரம் கேட்டு, ஒரே பாட்டை விடிய விடிய வாசித்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் பாக்கியை முழுதாகக் கட்டியிருக்கவும் மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவன் பெங்களூருக்கும் இன்னொருவன் துபாய்க்கும் போய்க் குழுவே கலைந்திருக்கும். யாரும் தேடி வராத கோப்பு யாருக்கும் வேண்டாத கோப்பு என்று நீங்கள் முடிவு செய்தால் அது இயல்புதான். ஆனால் அந்த முடிவில் போவது என்ன என்பதை ஒருமுறை பாருங்கள்.

சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் எழுதிய நோட்ஸ் இருக்கும், வரிக்குப் பதில் வெறும் ஓசையாகப் பாடிய தத்தகாரம் இருக்கும், மாதிரிக்காக டிராக் பாடியவரின் குரல் இருக்கும். கச்சேரிப் பாட்டுக்கு ஸ்வரம் எழுதிய தாள் இருக்கும். ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவுக்கு இவை எதுவும் கிடையாது. நான்கு பேர் ஒரு அறைக்குள் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சத்தத்தை ஏற்றி இறக்கித்தான் பாட்டைக் கட்டுகிறார்கள். எதைச் சேர்த்தார்கள், எதைக் கைவிட்டார்கள், எந்த இடத்தில் தயங்கினார்கள் என்பதெல்லாம் டேக்குகளில் மட்டுமே இருக்கிறது. டேக் போனால் பாட்டு பிறந்த கதையே போய்விடும்.

உங்களைப் போன்ற ஒரு பொறியாளரின் கதையைச் சொல்கிறேன். 1988 ஜனவரி 23. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ரெசிப்ரோகல் ரெக்கார்டிங் என்ற சின்ன ஸ்டுடியோ. யாருக்கும் தெரியாத ஒரு குழு, இன்னொரு குழுவின் டிரம்மரை உடன் அழைத்துக்கொண்டு வந்து, ஒரே பிற்பகலில் 10 பாட்டு பதிவு செய்தது. செலவு சுமார் 150 டாலர். பதிவு செய்த ஜாக் எண்டினோவுக்குக் கூலி வாங்கியதோடு வேலை முடிந்தது. ஆனால் பாடகரின் குரல் அவரைப் பிடித்துக்கொண்டது. தனக்கென ஒரு பிரதி எடுத்து, சப் பாப் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் ஜொனாத்தன் போன்மேனிடம் கொடுத்தார். குழுவின் பெயர் நிர்வானா. பாடியவர் கர்ட் கோபேன். அடுத்த ஆண்டு சப் பாப் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அந்தப் பிற்பகலின் பாட்டுகளில் சில அதில் வந்தன, இன்னும் சில 1992-ல் வந்த இன்செஸ்டிசைட் தொகுப்பில் சேர்ந்தன. பெரிய நிறுவனமோ விமர்சகரோ அன்று அந்தக் குழுவைக் கவனிக்கவில்லை. மிக்ஸிங்கில் உட்கார்ந்திருந்தவர் கவனித்தார், பிரதி எடுத்து வைத்தார். அந்த நாற்காலியில்தான் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பேர்ல் ஜாம் என்ற சியாட்டில் ராக் குழு உருவானதும் ஒரு டெமோவில்தான். 1990-ல் கிட்டாரிஸ்ட் ஸ்டோன் காசார்டும் நண்பர்களும் குரலே இல்லாமல் பதிவு செய்த கேசட் ஒன்று, கைமாறிக் கைமாறி சான் டியாகோவில் இருந்த எடி வெட்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மூன்று பாட்டுக்குத் தன் குரலைப் பதிந்து தபாலில் திருப்பி அனுப்பினார். அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் அவரைச் சியாட்டிலுக்கு அழைத்தார்கள். 2009-ல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை மறுபதிப்பு செய்தபோது, அந்தக் கேசட்டின் நகலையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். குரல் இல்லாத ஒரு டெமோவை உங்களில் எத்தனை பேர் வைத்திருப்பீர்கள்? பாடகர் கிடைக்காமல் பாதியில் நின்ற பாட்டு வேலூரில் நிறையவே இருக்கிறது.

ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கதை வேறு மாதிரி. ஓகே கம்ப்யூட்டர் ஆல்பத்தின் காலத்தில் அதன் பாடகர் தாம் யார்க் மினிடிஸ்க் என்னும் சின்ன ஒலித்தட்டுகளில் பதிந்து வைத்திருந்த ஒத்திகைகளும் டெமோக்களும் 2019-ல் திருடப்பட்டன. 1,50,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகச் செய்தி பரவியது. குழு பணம் கொடுக்கவில்லை. மொத்தத்தையும் தாங்களே 18 பவுண்டுக்கு வெளியிட்டு, வந்த பணத்தைச் சுற்றுச்சூழல் போராட்ட இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். பல மணி நேரப் பதிவு அது. எல்லாம் கேட்கத் தகுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வரியை இழுத்து இழுத்துப் பாடுவதும், கிட்டார் சுருதி சேர்ப்பதும், யாரோ பேசிக்கொண்டிருப்பதும் நீண்ட நேரம் ஓடுகின்றன. ஆனாலும் பாட்டு கட்டக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது என்பேன். எழுதப்படாத வரிகளுக்குப் பதில் வாயில் வந்ததைப் பாடி மெட்டைத் தேடுவதை அதில் நேரடியாகக் கேட்கலாம். அதே குழுவின் ட்ரூ லவ் வெய்ட்ஸ் பாட்டு 1995-லேயே மேடையில் பாடப்பட்டது. ஸ்டுடியோவில் பல வடிவம் முயன்றும் பிடிபடாமல், 2016-ல்தான் அதன் ஸ்டுடியோ வடிவம் ஆல்பத்தில் வந்தது. ஒரு பாட்டு இருபது ஆண்டு காத்திருக்கலாம். அதுவரை அதன் பழைய வடிவங்களை யாராவது வைத்திருக்க வேண்டும்.

இனி நம்மூர்க் கதை. நான் பேஸ் கிட்டார் வாசித்த குழு பாலாற்றைப் பற்றி ஒரு பாட்டு கட்டியது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரைப் பார்த்து வளர்ந்த ஆம்பூர்க்காரர்தான் எங்கள் கிட்டாரிஸ்ட். மெட்டு அவருடையது. நாங்கள் வெளியிட்டது க்ளிக்கோடு (வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் ஓடும் தாளத் தட்டு) வாசித்த, பிசிறில்லாத ஒரு டேக். ஆனால் அதற்கு முந்தைய டேக் ஒன்று இருந்தது. க்ளிக் இல்லை. இரண்டாம் சரணத்துக்கு வரி இன்னும் எழுதப்படவில்லை. பாடகர் அந்த இடத்தில் வெறும் தத்தகாரமாகப் பாடினார். காட்பாடி தேவாலயத்தில் வாசித்துப் பழகிய எங்கள் டிரம்மர், யாரும் சொல்லாமலே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் குரலுக்கு இடம் விட்டார். கிட்டார் அவரைப் பின்தொடர்ந்தது. வரியே இல்லாத அந்த இடத்தில்தான் பாட்டு ஆற்றைப் போல விரிந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. வரி எழுதிக்கொண்டு வந்து அந்த டேக்கின் மேலேயே பாடிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். வரியோடு திரும்பிப் போனபோது டிஸ்க் அழிக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அதே வேகத்தில், அதே இறக்கத்தில் வாசித்துப் பார்த்தோம். டிரம்மரே, "அன்னைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலடா" என்றார். எந்த ஸ்டுடியோ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்னொரு குழுவுக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்களே பத்திரமாக வைப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்துப் பெருந்தொகையான மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிநாடாக்கள்) எரிந்தன. அதன் முழு அளவு 2019-ல் பத்திரிகையில் வரும்வரை, தங்கள் டேப் அங்கே இருந்ததா என்பதே பல கலைஞர்களுக்குத் தெரியாது. நிர்வானா, சோனிக் யூத் போன்றவர்களின் பொருள்களும் பாதிக்கப்பட்டதை நிறுவனம் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததன் விலை அது. இடம் மாற்றிக் காப்பாற்றுவது என்ன செய்யும் என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் சாமியில்லாத கோயிலாகக் கிடந்தது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். சத்துவாச்சாரியில் அதைக் காத்து வைத்திருந்ததால்தான் கொண்டுவர முடிந்தது.

இடம் பிடிக்கும் என்ற கவலைக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரத்தில் நான்கு நிமிட மோனோ டிராக் (ஒரு மைக்கின் பதிவு) ஒன்று சுமார் 35 எம்பி. டிரம்ஸ் மைக்குகளையும் சேர்த்து 16 டிராக் என்றால் ஒரு டேக் 550 எம்பி. பத்து டேக் எடுத்திருந்தாலும் ஐந்தரை ஜிபிதான். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இப்படி 180 பாட்டு கொள்ளும். வேலூர் வட்டாரத்தில் இதுவரை பதிவான ராக் பாட்டுகள் எல்லாம் சட்டைப்பைக்குள் அடங்கிவிடலாம்.

ஆனால் ரெக்கார்டிங் மென்பொருள் சேமித்த செஷன் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வது போதாது. மென்பொருளின் அடுத்தடுத்த பதிப்புகளில் பழைய செஷன் திறக்காமல் போகலாம், திறந்தாலும் ஒலியை மாற்றப் பயன்படுத்திய ப்ளக்இன் (துணை மென்பொருள்) இல்லாமல் போகலாம். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். எம்பி3 வேண்டாம். கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் குழுவின் பெயர், வாசித்தவர்கள், தேதி, வேகம், சுருதி, எத்தனையாவது டேக் என்று எழுதிவிடுங்கள். "நியூ புராஜெக்ட் 7" என்ற பெயரில் கிடக்கும் கோப்பை உங்களாலேயே பிறகு கண்டுபிடிக்க முடியாது. இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில் வேண்டாம். சும்மா வைத்த டிஸ்க்கும் நாளடைவில் ஓடாமல் போகும், அவ்வப்போது இணைத்துப் பாருங்கள். எழுதிய சிடிக்களில் சாயம் மங்கும் என்பதால் அவற்றை முதலில் நகலெடுங்கள்.

மூத்தவர்கள் சிலரிடம் கேசட்டும் ரீலும் இருக்கும். தயவுசெய்து உடனே போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். சில வகை ரீல்களில் ஒலி பதிந்த காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஒலியும் பூச்சோடு உரிந்து வரும். அதை ஐம்பது டிகிரி சொச்சத்தில், சீராகக் கட்டுப்படுத்திய சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி எடுக்கும் முறை உண்டு. அது தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும். மொட்டை மாடி வெயில் அதற்கு மாற்று ஆகாது, டேப்பை வளைத்துக் கெடுத்துவிடும்.

உரிமை பற்றியும் ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே அதன் தயாரிப்பாளர். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து உங்களை அமர்த்திய குழுவுக்கே பெரும்பாலும் அந்த இடம். வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமைகள் உண்டு. ஆகவே உங்களிடம் இருக்கும் டேக்கை அவர்கள் சம்மதம் இல்லாமல் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பாடகருக்குத் தன் குரல் பிசிறடித்த டேக்கை ஊருக்குக் காட்ட விருப்பம் இல்லாமல் இருக்கலாம். அது அவருடைய முடிவு. நான் கேட்பது வெளியிடுங்கள் என்றல்ல, அழிக்காதீர்கள் என்றுதான். குழுக்களும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உங்களிடம் ஒரு நகல் கொடுக்கட்டும். நிர்வானா 1994 ஜனவரியில் பதிவு செய்த கடைசிப் பாட்டு, கர்ட் கோபேன் இறந்த பிறகு உரிமை வழக்கில் சிக்கி 2002-ல்தான் வெளியே வந்தது.

ராக் குழுக்கள் உங்களிடம் வைத்துவிட்டுப் போன பாக்கியையும் பேசித் தீர்க்கலாம். கோப்புகளை வாங்க வருகிறவர் பழைய பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கட்டும், அது நியாயம். எடுத்துக் கொடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலியும் கேளுங்கள். ஆனால் பாக்கியைக் காரணம் காட்டி அழித்துவிடாதீர்கள். அழித்த பிறகு அந்தப் பணமும் வராது.

இந்த மாதம் புது டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் இருந்தால், பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். வேலூரில் வாசித்த பழைய குழுக்காரர்கள் நாங்கள் சிலர் இப்போது சேர்ந்திருக்கிறோம். காலி டிஸ்க்கோடு வந்து, உங்கள் வேலை நேரம் கெடாமல் இரவில் உட்கார்ந்து காப்பி செய்துகொள்கிறோம். யார் எந்தக் குழு என்று தேடிக் கண்டுபிடித்து அவரவர் கையில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. எங்கள் பாலாற்றுப் பாட்டின் அந்த டேக் யாருடைய பழைய பேக்கப்பிலாவது தப்பியிருந்தால், அதற்கான கூலியை முதல் ஆளாக நானே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பேஸ் கிட்டார்க்காரன்