மாடிக்குப் பணம் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மஸ்கட்டில் வெயில் ஏறிவிட்டது என்று அம்மா சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி. வேளாவேளைக்குச் சாப்பிடு. மாடிக்கு என்று இப்போதைக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கம்பி விலை ஏறிக் கிடக்கிறது.

போன மூன்று வெள்ளிக்கிழமையும் நீ கூப்பிட்டபோது நான் குளிப்பதாக அம்மா சொன்னாளே, குளிக்கவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ வாங்கித் தந்த தேக்குக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905, பிரிவு 7. ஏன் வெளியேற்றக் கூடாது என்று காரணம் கேட்கிறது. சுரண்டினால் வார்னிஷ் போய்விடும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அம்மா அந்தத் தாளைத் தொடாமல் சுற்றிச் சுற்றிக் கதவைத் துடைக்கிறாள்.

வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் வக்கீலிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்: அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில், நம் மனை என்ன வகை? ஓடை. நத்தமாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக, இருந்தால் பட்டாவுக்கு வழி உண்டாம். ஓடைப் புறம்போக்கு வழக்கு ஒன்றில் 2005லேயே உயர் நீதிமன்றம் தமிழகம் முழுதும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை எடுக்கச் சொல்லிவிட்டதாம். வரி கட்டியதால் மண் நம்முடையதாகாது. பிரிவு 6இன்படி வெளியேற்றும் உத்தரவு வந்தால் 10இன்படி மேல்முறையீடு செய்யலாம். நாள் கடத்தலாம், அவ்வளவுதான். கெடுவுக்குள் நாம் பிரித்தெடுக்காத கட்டடம் அரசுக்குப் போய்விடும்.

தெருவிலேயே தேக்குக் கதவு நம் வீட்டுக்கு மட்டும்தான். அதைச் சொல்லாத நாளில்லை நான். ஆனாலும் இவ்வளவு பணம் போட்டவன் ஒரு தடவை பட்டாவைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம்.

கேட்டாய். 2016 லீவில் வந்தபோது கேட்டாய். பெட்டியில் இருக்கிறது என்றேன். பெட்டியில் இருந்தது பி-மெமோ, ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டிய தாள். தெரிந்தேதான் பட்டா என்று சொன்னேன். நீ பணம் அனுப்பாமல் நின்றுவிடுவாயோ என்ற பயம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அன்று ராத்திரி ஓடைத் தண்ணீர் தன் வழியே வந்து நம் பின்சுவரில் முட்டியது. முட்டித் திரும்பியது சித்தி வீட்டுக்குள் போய் இடுப்பளவு நின்றது. நாற்பது மூட்டை நெல் முளைத்துப் போயிற்று. சித்தி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் உன்னிடம் மழைச் சேதம் என்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் வாடகை வீட்டுக்குப் போகிறோம். கதவை நிலையோடு கழற்றித் தரத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். சித்தி தன் வீட்டில் வைக்கச் சொன்னாள். மாடிக்குப் பணம் அனுப்பாதே. வெள்ளிக்கிழமை கூப்பிடு, நான்தான் எடுப்பேன்.

அப்பா