பாலே வகுப்புக்கு என்ன உடை? மகளுக்கு ஒரு கடிதம்

கண்ணம்மா,

நீ சொல்லிக்கொடுக்கப்போகும் புது பாலே வகுப்புக்கு எழுதி அனுப்பிய உடை விதிகளைப் படித்தேன். கறுப்பு லியோடார்ட் (உடலோடு ஒட்டும் ஒற்றைத் துண்டு உடை), இளஞ்சிவப்பு டைட்ஸ் (காலோடு ஒட்டும் நீளக் காலுறை), இறுக்கிய கொண்டை என்று பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். அதில் பாதி, சொல்லிக்கொடுப்பவர் கண்ணுக்கு உடலின் நிலை தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. மீதி வெறும் பழக்கம். இரண்டையும் பிரித்துவிட்டு அச்சுக்குக் கொடு.

1870-களில் பிரெஞ்சு ஓவியர் டெகா வரைந்த பாலே வகுப்புகளைப் பார். முழங்காலை மூடும் வெள்ளைப் பாவாடை, இடுப்பில் பட்டை. இடுப்பு கோணியதா, முட்டி பின்னுக்கு வளைந்ததா என்று அந்தத் துணிக்குள் எப்படித் தெரியும்? லியோடார்ட் பாலேயில் பிறந்ததே இல்லை; ஜூல் லியோடார் என்ற பிரெஞ்சு ட்ரபீஸ் (சர்க்கஸ் ஊஞ்சல்) கலைஞரின் உடை அது. 1911-ல் டைட்ஸுக்கு மேல் வழக்கமான குட்டைக் கால்சட்டை போடாமல் 'ஜிசெல்' பாலேயை ஆடியதற்காக ருஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியின் வேலையே போயிற்று. இன்று பையன்கள் வகுப்புக்கு அப்படித்தான் வருகிறார்கள். 1958-ல் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் செயற்கை இழை வந்த பிறகுதான் முட்டியில் தொளதொளக்காத டைட்ஸ் சுலபமாயிற்று.

இளஞ்சிவப்பு என்பது வெள்ளைத் தோலுக்கு ஒத்த நிறம், அவ்வளவுதான். நியூயார்க்கின் கறுப்பினப் பாலே குழுவான ஹார்லம் டான்ஸ் தியேட்டர் 1970-களிலேயே அவரவர் தோல் நிற டைட்ஸுக்கு மாறிவிட்டது. கடைச் சரக்குதான் தாமதம்: லண்டனின் ஃப்ரீட் ஷூ நிறுவனம் பாலே பிளாக் என்ற பிரிட்டிஷ் நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிற பாய்ண்ட் ஷூ (விரல் நுனியில் நின்று ஆடும் ஷூ) கொண்டுவந்தது 2018-ல். அதுவரை பெரும்பாலும் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைப் பூசிப் பூசித்தான் ஷூவுக்கு நிறமேற்றினார்கள். எந்த நிறமானாலும் சரி, டைட்ஸும் ஷூவும் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் காலின் கோடு கணுக்காலில் அறுந்து தெரியும்.

லியோடார்ட் வாங்க வயதைச் சொல்லாதே, அளவைக் கேள். டேப்பை ஒரு தோளில் வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால் இடுக்கு வழியே முதுகில் ஏற்றி அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நீளம் குறைந்தால் பட்டை தோளை அமுக்கும், பிள்ளை கூன் போடும். நீ அதை நிற்கும் முறையின் தப்பு என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பாய்!

ஷூவில் 'வளர இடம்' விடக் கூடாது. முனையில் துணி மிஞ்சினால் விரல் மடங்குவது தெரியாது, தடுக்கவும் செய்யும். ஷூவைக் காலோடு பிடித்துவைக்கும் எலாஸ்டிக்கைத் தைக்க, குதிகால் பகுதியை உள்ளே முன்பக்கம் மடி. மடிப்பு விளிம்பைத் தொடும் இரண்டு இடங்களில், சற்று முன்சாய்வாகத் தைக்கணும். ஷூ விளிம்பில் நாடா ஓடும் குழலுக்குள் ஊசி போனால் நாடா இழுபடாது; பெற்றோர் செய்யும் வழக்கமான பிழை இது. நாடாவை முடிந்து உள்ளே செருகச் சொல். வெளியே பூ முடிச்சு வேண்டாம்.

கொண்டை? சுழலும்போது குதிரைவால் கண்ணில் அடிக்கும், தலையையும் இழுக்கும். காரணம் அதுதான். குட்டை முடிக்குத் தலைப்பட்டை போதும். பின்னல்களைத் தட்டையாகச் சுற்றிக் குத்தினால் போதும். ஜெல் கட்டாயம் என்ற வரியை அடித்துவிடு.

உள்ளாடை கூடாது என்ற வரியையும்தான். ஒட்டிய ஷார்ட்ஸ், லெகிங்ஸ், இறுக்கிக் குத்திய தலைத்துணி எல்லாம் இருக்கட்டும். முட்டியும் இடுப்பும் தெரிகிறதல்லவா? ஆண், பெண் என்று இரண்டு பட்டியலும் தேவையில்லை. கம்பளிக் காலுறை, ஸ்வெட்டர் மட்டும் பிளியே (முட்டியை மடக்கும் தொடக்கப் பயிற்சி) முடிந்ததும் கழற்ற வேண்டும் என்று எழுது.

முதல் மாதம் உடைக்காக யாரையும் வெளியே நிறுத்தாதே. எலாஸ்டிக் தைக்கும் முறையைப் படத்தோடு போட்டு, திருத்திய பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா