கிணற்றுக்குள் இறங்கிய மோட்டாரும் டாரிசெல்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பம்புசெட்டுக்குப் பேர்போன கோவையில் இயந்திரவியல் படித்துப் பட்டமும் பெற்ற இளைஞர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கிணற்று மேட்டில் வைத்த மோட்டார், 40 அடி ஆழத்துத் தண்ணீரை ஏன் எடுப்பதில்லை? குதிரைத்திறன் போதாது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். பாயும் நீரின் அழுத்தத்தையும் வேகத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டைப் பிசகின்றி ஒப்பிப்பவரும் இதையே சொல்கிறார். நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்த அவருடைய தாத்தா, காரணம் தெரியாவிட்டாலும் இந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டார்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்ற எண்ணம் மனத்தில் இருக்கும்வரை, சமன்பாடு அதன்மேல் அடித்த சுண்ணாம்பாகவே நிற்கும். அதைக் கலைக்க அறிவியல் வரலாற்றைவிட நல்ல வழி எனக்கு அகப்படவில்லை. உறிஞ்சு பம்பு சுமார் 34 அடிக்கு மேல் நீரை ஏற்றாததை 1638-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்ட கலிலியோ, நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று விளக்கினார். விளக்கம் தவறு, ஆனால், நம் மாணவர் மனத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். கலிலியோவே சறுக்கிய இடம் என்று தெரிந்தால் எந்த மாணவரும் கூச்சமின்றி வாய் திறப்பார். இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லியோ, நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியுள்ள பாதரசம், மேல்முனை மூடிய குழாயில் 76 செ.மீ. உயரமே நிற்பதைக் கொண்டு, உள்ளிருந்து எதுவும் இழுக்கவில்லை, வெளிக்காற்றின் எடையே தள்ளுகிறது என்று 1644-இல் எழுதினார். 76-ஐ 13.6-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். வரும் சென்டிமீட்டரை அடியாக்கினால், அந்த 34 அடி கரும்பலகையில் தானாக வந்து நிற்கும்.

அதன் பிறகும் பலர் ஒப்பவில்லை. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் த தோம் மலைக்குப் பாதரசக் குழாயுடன் ஏறினார். உயரத்தில் மேலிருக்கும் காற்று குறைவு என்பதால், உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. மலையடிவாரத்தில் மற்றொரு குழாயை வைத்து, நாள் முழுவதும் அதைக் கவனிக்க ஒரு துறவியை அவர் அமர்த்தியிருந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

நமக்கோ அந்த மலையைவிட உயரமான ஊட்டி பக்கத்திலேயே இருக்கிறது. காற்றழுத்தம் அளக்கும் உணரி இன்று பல கைப்பேசிகளில் உண்டு. ஒன்றை மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றொன்றுடன் பேருந்து ஏறினால், பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 15 செ.மீ. வேறுபாட்டை மாணவர்கள் கண்ணால் காணலாம்.

அறிவியல் வரலாற்றுக்கெனத் தனிப் பாடம் தொடங்குமாறு நான் கேட்கவில்லை. தொடங்கினால் அதற்கும் ஒரு நோட்ஸ் வந்துவிடும். நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைப் படிக்கும் பாயும இயக்கவியலில் ஒரே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கினால் போதும். காற்றழுத்தமானியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியைக் கைவிட்டு, ஊட்டியில் ஓர் உறிஞ்சு பம்பு அதிகபட்சம் எத்தனை அடி நீரேற்றும், ஏன் என்று வினாத்தாளில் கேட்கப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பொள்ளாச்சி.