பெயிண்ட் டப்பாவை இப்போதைக்கு மூடி வை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி 18

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். ஐப்பசி அடைமழை விடாமல் பெய்கிறது. ஸ்ப்ரே கன்னைத் தொட வழியில்லாததால் உன் கேள்விக்கு நிதானமாக எழுத முடிகிறது.

ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர் (நேர்கோட்டில் பாய்கிற பழைய ரேஸ் கார்) பிளாஸ்டிக் மாடல் கிட் வந்துவிட்டது, என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண கார் மாடலில் பானெட்டை மூடிவிட்டால் பாதிக் குறை வெளியே தெரியாது. இதில் மூடவே எதுவும் கிடையாது. இஞ்சின், பைப், ஹோஸ், ஃபிரேம் எல்லாம் வெட்டவெளியில் நிற்கிறது, பெயிண்ட் தெரிகிற இடம் விரலகலம்தான். எந்தக் கம்பி எங்கே தொடங்கி எதன் அடியில் போய் எங்கே முடிகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள். துளைகளை எல்லாம் போட்டு முடித்த பிறகு பெயிண்டைப் பற்றி யோசி. பெயிண்ட் அடித்த பாகத்தில் துளை போட்டால் விளிம்பில் பெயிண்ட் உதிரும். அதைச் சரிபண்ணப் போனால் பக்கத்துப் பாகமும் கெடும்.

அதற்கும் முன்னால், எந்த வருடத்துக் கார் என்று தீர்மானித்துக்கொள். இந்தக் கார்களை ரேஸுக்கு ரேஸ் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பெட்டி மேல் இருக்கிற படத்தை நம்பாதே. 1960களின் தொடக்கத்துக் கார் என்றால் புகைக்குழாய்கள் தரையைப் பார்த்துச் சாயும். 1960களின் நடுவில்தான் மேல்நோக்கிப் பின்னால் வளைகிற ‘ஜூமி’ குழாய்கள் பரவின. பிற்காலத்துக் குழாயை முற்காலத்து ஃபிரேமில் ஒட்டினால், விஷயம் தெரிந்தவன் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஒரே கார், ஒரே பருவம், இரண்டு பக்கமும் தெரிகிற போட்டோ நாலைந்து எடுத்து வைத்துக்கொள். டிரைவர் உட்காருகிற இடத்தையும் நன்றாகப் பார். ஸ்லிங்ஷாட்டில் அவர் பின் அச்சுக்கும் பின்னால் உட்காருவார், பின் அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் இரண்டு பக்கமும் கால், கிளட்சும் டிரான்ஸ்மிஷனும் பாதத்துக்குப் பக்கத்தில். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் ரேஸ் டிரைவர் டான் கார்லிட்ஸின் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. இஞ்சினை முதுகுக்குப் பின்னால் தள்ளிய காரோடு 1971-ல் திரும்பி வந்து ஜெயித்தார். அதற்கப்புறம் ஸ்லிங்ஷாட்டுக்கு அதிக நாள் ஆயுள் இருக்கவில்லை.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. 1/25 அளவில் (நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) நிஜக் காரின் ஓர் அங்குலம் உன் மேஜையில் 1.016 மில்லிமீட்டர். அதனால் அங்குலத்தை அப்படியே மில்லிமீட்டராக வாசித்துக்கொள். இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற ப்ளோயரின் 3 அங்குல பெல்ட் 3 மி.மீ., ஒன்றரை அங்குல ஃபிரேம் குழாய் 1.5 மி.மீ., இரண்டேகால் அங்குலப் புகைக்குழாய் 2.25 மி.மீ. கடையில் எந்தக் கம்பியைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தே வாங்கு. மாடல் பொம்மை மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் தடித்த கம்பிதான் காரணம்.

ஃபிரேம். கிட்டில் இடது வலது என்று இரண்டு துண்டாக வரும், கோணல் இல்லாமல் வந்தால் அதிர்ஷ்டம். கிரானைட் துண்டின் மேலோ கண்ணாடி மேலோ கிராஃப் பேப்பரை ஒட்டி, அதன் மேல் வைத்துப் பார். வளைந்திருந்தால், கொதி வருவதற்கு முந்தின சூட்டுத் தண்ணீரில் அரை நிமிஷம் முக்கி, கையால் நேராக்கி, அப்படியே பச்சைத் தண்ணீரில் விடு. கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீன் 100 டிகிரி பக்கத்தில் இளகிவிடும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கொழகொழத்துப் போகும். ஒட்டும்போது ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதே. நீண்ட மெல்லிய துண்டு அந்த இழுப்பிலேயே வில்லாக வளைந்து, அப்படியே காய்ந்துவிடும். சின்னச் சின்ன எடைகளை மேலே வைத்து, மெல்லிய கரைப்பான் பசையைப் பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டு விடு. பசை தானாக ஓடிக்கொள்ளும். ஒரு ராத்திரி முழுக்கத் தொடாதே. நாலு சக்கரமும் கண்ணாடியைத் தொடுகிறதா என்று அச்சுகளை ஒட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடு, பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

பித்தளைக் கம்பியில் ஃபிரேம் கட்ட ஆசைப்பட்டால் கட்டலாம், உறுதியாக நிற்கும். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரமே கறுக்கும். புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரில் நன்றாக அலசி, நயமான உப்புத்தாள் காட்டிய பிறகே பற்றவை. புளி ஒட்டிக்கொண்டிருந்தால் ஈயம் சரியாகப் பிடிக்காது. புனேயில் உனக்கு இவ்வளவு தொல்லை இருக்காது.

இனி இஞ்சின். நேரத்தில் முக்கால்வாசியை இதற்கே ஒதுக்கு. உன் கிட்டில் இருப்பது கிரைஸ்லர் 392 ஹெமி, மேலே 6-71 ப்ளோயர். (அந்த எண் ஜி.எம்.சி. டீசல் இஞ்சினிலிருந்து வந்தது, ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம்.) 392-ல் ஸ்பார்க் பிளக்குகள் வால்வ் கவரின் நடுவாக்கில் ஒரே வரிசையில் இறங்குகின்றன, பக்கத்துக்கு நாலு. பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்புகிற மேக்னெட்டோ இஞ்சினின் பின்பக்கம் நிற்கிறது. பிற்கால 426 ஹெமிக்கு பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் முன்பக்கம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

பிளக் கம்பி நிஜத்தில் 8 மி.மீ. பக்கம், நமக்கு 0.32. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 30 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கேள். அது 0.315 மி.மீ., வேறு எதையும் தேட வேண்டாம். 0.35 டிரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி, மேக்னெட்டோ மூடியில் முதலில் நாலு திசைக்கு நாலு துளை, பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்று. வட்டமாக ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகப் போட்டால் கடைசித் துளைக்கு இடம் இல்லாமல் போகும். குண்டூசியால் குறி குத்தாமல் பிட்டை வைக்காதே, வழுக்கி ஓடிவிடும். பிட்டை அழுத்தக்கூடாது, அதன் எடையிலேயே சுற்ற விடு. 0.35 பிட் பக்கவாட்டு அழுத்தம் தாங்காமல் படக்கென்று ஒடியும், ஒடிந்த துண்டு துளைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் நாலைந்து பிட்டாக வாங்கு.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மூடியின் இடது பாதியிலிருந்து நாலு கம்பியை இடப்பக்கத்துக்கும், வலது பாதியிலிருந்து நாலை வலப்பக்கத்துக்கும் அழகாகப் பிரித்துவிடுவார்கள். நிஜ இஞ்சின் அப்படி எரியாது. கிரைஸ்லரின் எரிப்பு வரிசை (சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகிற ஒழுங்கு) 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. மூடியைச் சுற்றி வந்தால் இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது என்று வரும். ஆகவே சில கம்பிகள் குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தக் குறுக்கீட்டை மேக்னெட்டோவுக்குப் பின்னாலேயே முடித்து, நாலு நாலாகச் சேர்த்து வால்வ் கவர் ஓரமாகக் கொண்டு போ. ஒவ்வொரு கம்பியையும் 60 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, மூடியில் ஒட்டிக் காய்ந்த பிறகு பிளக் பக்கம் நீளம் பார்த்துக் கத்தரி. கம்பியை வளைத்து முடித்த பின்பே நிறம் தீட்டு, முன்கூட்டித் தீட்டினால் வளைவில் உரிந்துவிடும். பிளக் முனையின் ரப்பர் உறைக்குப் பழைய டெலிபோன் கம்பி போதும். செம்பை உருவிவிட்டு, வெறும் உறையை ஒரு மி.மீ. துண்டுகளாகப் பிளேடால் நறுக்கிக் கோத்துக்கொள்.

எரிபொருள் வழியைத் தண்ணீர்க் குழாய் வேலை மாதிரி யோசி: டாங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ப்ளோயர் தலையில் இருக்கிற இன்ஜெக்டர், அங்கிருந்து முனைகளுக்குக் கிளை, மிஞ்சியது டாங்குக்கே திரும்பும். டாங்க் முன்னால், ஃபிரேம் குழாய்களுக்கு நடுவில் இருக்கும். திரும்பும் குழாயை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 1960களின் முற்பாதி என்றால் பெரும்பாலும் கறுப்பு ரப்பர் ஹோஸ், எஃகு இழை பின்னிய உறை பிற்பாடு பரவியது. பின்னிய ஹோஸுக்குக் கிட்டார் தந்தியைப் பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே எஃகு இருப்பதால் நினைத்தபடி வளையாது, நாலு நாளில் பாகத்தையே பிய்த்துக்கொண்டு எழும்பும். 27 கேஜ் செம்புக் கம்பியைக் கை டிரில்லின் வாயில் மாட்டி, அதன் மேல் 42 கேஜ் கம்பியை நெருக்கமாகச் சுற்று. 0.4-க்கு மேல் 0.1 இரண்டு பக்கமும் சேர்ந்து 0.6 மி.மீ. வரும், சரியான கனம். வளைத்த இடத்திலேயே நிற்கும். மேலே லேசாக எஃகு நிறம் தேய்த்துவிடு.

குரோம் பாகங்களைக் கிட்டில் வந்தபடியே ஒட்டாதே. குரோமின் மேல் பசை பிடிக்காது, அச்சுக் கோடும் அப்படியே தெரியும். துணி வெளுக்கிற திரவ ப்ளீச்சில் முழுக வை, குரோம் கரைந்துவிடும். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் நிற்கும், அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் எடு. ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிவறை ஆசிட் வாசனைகூட அந்தப் பாத்திரத்துப் பக்கம் வரக்கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிறகு அச்சுக்கோடு தேய்த்து, பளபளப்புக் கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயிண்ட் மெல்லியதாக ஒரு படலம். கறுப்பில் தூசி இருந்தால் குரோம் அதை இரட்டிப்பாகக் காட்டும்.

புகைக்குழாய் எட்டுக்கும் வாய் குடைய வேண்டும். 0.5-ல் தொடங்கி 1.0, 1.5, கடைசியில் 1.8, ஆழம் 3 மி.மீ. போதும். எடுத்தவுடனே 1.8 வைத்தால் மையம் விலகிச் சுவர் உடையும். வெளி விளிம்பைக் கத்தி நுனியால் லேசாகச் சீவிவிட்டால் தகடு மெல்லியதாகத் தெரியும். எட்டும் ஒரே சாய்வில் நிற்க, அட்டையில் கோணம் வெட்டி அதில் சாய்த்து ஒட்டு.

ப்ளோயர் பெல்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பற்கள் உள்பக்கம், வெளிமுகம் வழுவழுப்பு, நிறம் மங்கிய கறுப்பு. சீட் பெல்ட்டுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மைக்ரோபோர் டேப்பை 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டு, துணி மாதிரியான தோற்றம் அதிலேயே இருக்கிறது. பக்கிளுக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள்.

டயர்களை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துத் தனிப் பையில் போடு. வினைல் டயரில் இருக்கிற இளக்கி ஸ்டைரீனைத் தின்றுவிடும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாகத் தின்னும். பழைய கிட்களில் டயர் பட்ட பாகம் குழிந்து உருகிக் கிடப்பது இதனால்தான். ரிம்மில் மாட்டும்போதும் நடுவில் ஒரு சுற்று அலுமினிய ஃபாயில் ஒட்டிவிடு. பின் டயரின் நடுக்கோட்டை 320 உப்புத்தாளில் தேய்த்து, அப்படியே மினுமினுப்பையும் எடுத்துவிடு, பள்ளமில்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயர் பளபளக்காது. முன் சக்கரத்துக்கு பிரேக் வைக்காதே, இந்தக் கார்களில் பிரேக் பின்னால் மட்டும். ஸ்டீயரிங்கின் நீளக் கம்பி காக்பிட்டின் இடது வெளிப்பக்கமிருந்து முன் அச்சு வரை ஓடும். கிட்டில் இருப்பது தடிமன், பித்தளைக் கம்பியில் மாற்று.

இவ்வளவும் ஒட்டாமல் ஒரு தடவை பொருத்திப் பார்த்துவிட்டால், பிறகு உன் கலர். கேண்டி சிவப்பு என்றால் அடியில் வெள்ளி அல்லது தங்கம், அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. எத்தனை கோட் அடிக்கிறாயோ அவ்வளவு அடர்த்தி ஏறும் என்பதால் கவுல் (காக்பிட்டுக்கு முன்னால் இருக்கிற மூடி), வால் பகுதி எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே எண்ணிக்கையில் அடி. காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லாக்கரைத் தொடாதே. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். கடலூரில் மார்கழி பாதி வரை எனக்கு இதே நிலைமைதான். உனக்கு அங்கே இப்போது காய்ந்த காற்று, பயன்படுத்திக்கொள். குரோமுக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி வெள்ளைப் புகையாகப் படியும். ஃபெவிகால் போதும்.

கூரியரில் 27, 30, 42 கேஜ் கம்பி ஒவ்வொன்றிலும் கொஞ்சம், 0.35 பிட் ஐந்து, டெலிபோன் கம்பி ஒரு முழம் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு முறுக்கும் இருக்கிறது, எண்ணெய்க் கையோடு பாகங்களைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல். ஃபிரேமும் இஞ்சினும் பொருத்திய பிறகு, பெயிண்டுக்கு முன்னால், இடது, வலது, நேர் மேலே என்று மூன்று போட்டோ அனுப்பு. கம்பி வழியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா