ஸ்பானிய இறந்தகால வினைகளைத் தமிழ்வழி கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பல ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்து வருகிறேன். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் வெளிநாட்டவருள் ஸ்பெயின் நாட்டவரும் இருப்பதால், என்னுடன் தொழில் செய்யும் இளைஞர் சிலர் அவர்களுடைய மொழியைப் படிக்கத் தொடங்கியுள்ளனர். அம்மொழியின் ஒழுங்கற்ற இறந்தகால வினைகள் எமக்குக் கற்பிக்கப்படும் முறையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் படித்த வகுப்பு ஆங்கிலவழியில் நடைபெற்றது. நிகழ்காலத்துக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கியவர்கள், இறந்தகாலத்துக்கு வந்ததும் அகரவரிசையில் அமைந்த இரண்டு பக்க அட்டவணையொன்றைக் கையில் தந்து, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று கூறி வகுப்பையே முடித்துவிட்டார்கள். அந்தப் பருவத்திலேயே வயது முதிர்ந்த ஸ்பானியத் தம்பதியரைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததைச் சொல்ல முற்பட்டபோது, 'தெஸ்த்ருயெரோன்' என்று வரவேண்டிய இடத்தில் 'தெஸ்த்ருயென்' என்ற நிகழ்கால வடிவமே என் வாயில் வந்தது. அந்த அம்மையார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்போதா இடிக்கிறார்கள்?" என்று கலக்கத்துடன் கேட்டார். கோயிலையும் கோட்டையையும் காட்டி வழிகாட்டி ஒருவர் சொல்வதில் பெரும்பகுதி நடந்து முடிந்த செய்திகளே. அவற்றைச் சொல்லும் வினையைக் கற்பிக்காமல் சான்றிதழ் கொடுப்பது எமக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

இந்த வினைகள் தமிழருக்குப் புதியவை அல்ல என்பதை அதன் பின்னர் நானே தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்டேன். த், ட், ற், இன் என்பன இறந்தகால இடைநிலைகள் என்று நன்னூல் வகுத்திருப்பதை நாம் பாடசாலையில் படித்திருக்கிறோம். வா என்பது வந்தேன் என்றும், காண் என்பது கண்டேன் என்றும், தின் என்பது தின்றேன் என்றும் ஆவதை நாம் எவரும் அட்டவணை வைத்துப் படித்ததில்லை. பகுதி எவ்வளவுதான் திரிந்தாலும், ஏன், ஆய், ஆன், ஓம் என்ற விகுதிகள் திரிவதில்லை. ஸ்பானியத்திலும் இதுவே நடக்கிறது. உடைமையைக் குறிக்கும் 'தெனேர்' என்ற வினை இறந்தகாலத்தில் 'துவ்' என்று திரிகிறது. அதனோடு எ, இஸ்தே, ஒ, இமோஸ், இஸ்தெய்ஸ், இயெரோன் என்ற விகுதிகளைச் சேர்த்தால் தன்மை, முன்னிலை, படர்க்கை அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. இதே ஆறு விகுதிகள் 'வெனிர்' (வருதல்), 'பொதேர்' (இயலுதல்), 'பொனேர்' (வைத்தல்) ஆகியவற்றுக்கும் பொருந்துவதால், அவற்றுக்கு வின், புத், புஸ் என்ற திரிந்த பகுதிகளை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். 'தெசிர்' (சொல்லுதல்) 'திஹ்' ஆகும்போது மட்டும் பலர்பாலில் இகரம் கெட்டு 'திஹெரோன்' என்று வரும். ஆங்கிலத்தில் ஒரே இறந்தகாலச் சொல் நான், நீ, அவன் என எல்லோருக்கும் பொதுவாக நிற்பதால், பகுதி வேறு, விகுதி வேறு என்ற இந்த உண்மை ஆங்கிலவழி வகுப்பில் மறைந்துபோகிறது.

அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை; ஆகவே நம் செவி அதற்குப் பழகவில்லை. 'அப்லோ' என்பதன் முதலெழுத்தை அழுத்தினால் பேசுகிறேன் என்றும், ஈற்றை அழுத்தினால் பேசினார் என்றும் பொருள். ஆனால் 'துவோ' போன்ற ஒழுங்கற்ற வினைகளில் அழுத்தம் முன்னேயே நிற்கும். இதை அட்டவணை சொல்லித் தராததால் ஓராண்டு காலம் பிழையாகவே உச்சரித்து வந்தேன்.

பொருள் நுட்பத்திலும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'சபேர்' (அறிதல்) என்ற வினையின் 'சபியா' என்ற வடிவம் 'எனக்குத் தெரிந்திருந்தது' என்பதையும், 'சுபே' என்ற வடிவம் 'எனக்குத் தெரியவந்தது' என்பதையும் குறிக்கின்றன. விரும்புதலைக் குறிக்கும் வினையின் இறந்தகாலத்தோடு எதிர்மறை சேர்ந்து 'நோ கிசோ' என்று வந்தால், பெரும்பாலும் 'மறுத்துவிட்டார்' என்று கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் தேவைப்பட்ட இவ்வேறுபாடு, தமிழில் சொன்னவுடன் எனக்கு விளங்கியது. 'ஃபுய்' என்ற ஒரே சொல் 'சென்றேன்' என்றும் 'இருந்தேன்' என்றும் பொருள்படுவது முதலில் திகைப்பூட்டும். தொடரை முழுமையாகக் கேட்டால் குழப்பம் நீங்கும். நடத்தலைக் குறிக்கும் 'அந்தார்' என்ற வினையை 'அந்துவே' என்று சொல்லாமல் 'அந்தே' என்று ஸ்பானிய மொழியில் பிறந்து வளர்ந்தவர்களே தவறிச் சொல்வதுண்டு என்பதையும் நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். பிழைக்கு அஞ்சி வாய் திறக்காத பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வழிகாட்டிகளுக்கான மொழி வகுப்புகளை நடத்துவோர் இறந்தகாலத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து, அகரவரிசையைக் கைவிட்டு, திரிபு ஒத்த வினைகளை ஒன்றாகச் சேர்த்துத் தமிழில் விளக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் மாணவர் பகுதியில் வாரம் அரைப்பக்கம் இதற்கு ஒதுக்கினால், நான் தொகுத்து வைத்துள்ள குறிப்புகளை ஊதியமின்றித் தரச் சித்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
சுற்றுலா வழிகாட்டி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.